சொல் தேயும்போது

ஆங்கில இலக்கணத்தை ஐயந்திரிபறக் கற்ற நம்மவரும், அமெரிக்கர் ஒருவர் தொலைபேசியில் பேசத் தொடங்கியதும் சற்றுத் திகைக்கவே செய்கிறோம். 'ஐ ஆம் கோயிங் டு' என்று நாம் படித்தது, அங்கே 'ஐம் கன்னா' என்று காதில் விழுகிறது. இதனைக் கொச்சையெனத் தள்ளிவிடுவதற்கில்லை. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதும் நாமே 'வந்துக்கிட்டிருக்கேன்' என்றுதானே பேசுகிறோம்? இத்தகைய குறுக்கங்களை ஜானதன் ஸ்விப்ட் 1710-ஆம் ஆண்டிலேயே கண்டித்து எழுதினார். குறுக்கங்கள் அவருக்குப் பணியவில்லை!

எனினும் தேய்வுக்கும் ஒரு நெறி உண்டு. இனி நிகழவிருக்கும் செயலைச் சொல்லுமிடத்தில்தான் 'கோயிங் டு' என்பது 'கன்னா' ஆகும். டில்லிக்குப் போகிறேன் என்னுமிடத்தில் ஆகாது. 'ஹீ ஹாட்', 'ஹீ வுட்' இரண்டும் 'ஹீட்' என்றே தேய்வதுண்டு. அடுத்து 'கான்' என வந்தால் அவர் முன்னரே போய்விட்டார். 'கோ' என வந்தால் போவார் என்பது பொருள்.

மிகுந்த கவனம் வேண்டுவது 'முடியும்', 'முடியாது' என்பவற்றில்தான். பிரிட்டனின் தென்பகுதியார் 'கேன்', 'காண்ட்' என உயிரொலியை வேறுபடுத்திச் சொல்வதால் குழப்பம் குறைவு. அமெரிக்கர் பேச்சிலோ 'கேன்ட்' என்பதன் இறுதி டகரம் பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றுவிடும். டகரத்தைத் தேடுவதை விட்டு, அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். 'ஐ கன் பே' என்று மெலிந்து வந்தால் பணம் வரும். 'ஐ கேன் பே' என்று அச்சொல் ஊன்றி ஒலித்தால் பெரும்பாலும் வராது. வலியுறுத்திச் சொல்லும் உடன்பாடும் அவ்வாறே ஒலிக்கலாமாதலின், தொகையைக் குறித்துக்கொள்ளுமுன் 'கேனாட் என்கிறீர்களா?' என்று கேட்டுவிடலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் அவ்வாறு கேட்பதுண்டு.