வழிகாட்டும் கருவிக்கு ஓர் இடம்

உரைநடை: விளக்கக் கட்டுரை

நுழையும்முன்

கோடை விடுமுறை தொடங்கியதும் சொந்த ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் பல. சிலர் தொடர்வண்டியிலும் சிலர் மகிழுந்திலும் செல்வர். மகிழுந்தில் செல்வோருக்கு இன்று வழிகாட்டுவது திறன்பேசி. அதனை வண்டியில் எங்கே, எதன்மேல் வைப்பது? சிறியதாகத் தோன்றும் இவ்வினாவின் விடையில் பயணம் செய்வோர் அனைவருடைய பாதுகாப்பும் அடங்கியுள்ளது. அதனை அறிந்துகொள்வோம்.

விழுந்த திறன்பேசி

மாணவர்களே! நான் பணியாற்றும் நாக்பூரிலிருந்து மதுரைக்குச் சாலை வழியாகச் செல்ல விரும்புவோர் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிப்பர். காஷ்மீரத்து ஸ்ரீநகரில் தொடங்கும் அச்சாலை நாக்பூர், ஐதராபாத், பெங்களூரு, கிருஷ்ணகிரி, சேலம், மதுரை எனப் பல ஊர்களைக் கடந்து கன்னியாகுமரியில் முடிகிறது. என் வகுப்பு மாணவர் பலருக்கு அது தாத்தா பாட்டி வீட்டுக்குச் செல்லும் சாலை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் நாங்களும் அவ்வழியே சென்றோம். வண்டியை என் தம்பி ஓட்டினான். நான் அருகில் அமர்ந்திருந்தேன். குளிர்காற்று வரும் துவாரத்தில் செருகப்பட்ட ஒரு மலிவான தாங்கியில் திறன்பேசி இருந்தது. ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. தாங்கியின் பிடி நழுவியது. திறன்பேசி கீழே விழுந்து தம்பியின் காலடியில் சென்று கிடந்தது. அதனை எடுக்கும் எண்ணத்தோடு அவன் குனிந்தான். அதே நொடியில் முன்னே சென்ற சரக்குந்து வேகத்தைக் குறைத்தது. "தம்பி, முன்னாலே பார்!" என்று நான் கத்தினேன். அவன் நிமிர்ந்து பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது.

இறங்கிப் பார்த்தோம். திறன்பேசி பிரேக் மிதிக்கு வெகு அருகில் கிடந்தது. அது இன்னும் சற்று நகர்ந்து மிதிக்கு அடியில் சிக்கியிருந்தால் மிதி முழுமையாக இறங்கியிருக்காது. அன்று நாங்கள் பிழைத்தது திறமையால் அன்று. சரக்குந்து சற்றுத் தொலைவில் சென்றமையால்தான். அன்றுமுதல் தாங்கியை ஓர் அலங்காரப் பொருளாக நான் கருதுவதில்லை.

இரண்டு வினாடிகள்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 16.7 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. இரண்டு வினாடிகளில் அது 33 மீட்டருக்கு மேல் சென்றுவிடும். மட்டைப்பந்தாட்டத்தில் இரு முளைக்குச்சித் தொகுதிகளுக்கு இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 20 மீட்டர். அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலான தொலைவை ஓட்டுநர் சாலையைப் பாராமலே கடக்கிறார் என்பது இதன் பொருள். வேகம் 90 கிலோமீட்டர் எனில் அத்தொலைவு 50 மீட்டராகும்.

எனவே, திறன்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டோ மடியில் வைத்துக்கொண்டோ வண்டி ஓட்டுதல் பெருந்தீங்கு. நம் நாட்டுச் சட்டமும் அதனைத் தடை செய்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, வண்டி ஓட்டும்போது இத்தகைய கருவியை வழி காண்பதற்காக மட்டுமே பயன்படுத்தலாம். அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத முறையில் இருத்தல் வேண்டும். அம்முறைக்குத் துணைபுரிவதே தாங்கி. கடைகளில் இதனை 'மொபைல் ஹோல்டர்' என்பர்.

தாங்கியின் வகைகள்

தாங்கிகள் பெரும்பாலும் மூன்று வகையாக வண்டியில் பொருத்தப்படுகின்றன.

முதல் வகை, உறிஞ்சு கிண்ணத்தால் பற்றிக்கொள்வது. ரப்பர் போன்ற பொருளால் ஆன கிண்ணத்தைக் கண்ணாடியின்மேல் வைத்து அழுத்தி, அதன் நெம்புகோலைத் திருப்பினால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று கிண்ணத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் காற்று ஏறத்தாழ 1 கிலோகிராம் எடைக்குச் சமமாக அழுத்துகிறது என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு ஏறத்தாழ 38 சதுர சென்டிமீட்டர். உள்ளே சிறிது காற்று எஞ்சியிருப்பதால் முழு அழுத்தமும் கிடைப்பதில்லை. எனினும், ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள திறன்பேசியைத் தாங்க அது போதும்.

அவ்வாறாயின் கிண்ணம் ஏன் விழுகிறது? தூசு படிந்த இடத்திலும் சொரசொரப்பான பரப்பிலும் இடுக்குகள் வழியே காற்று உள்ளே புகுந்துவிடும். உள்ளும் புறமும் அழுத்தம் சமமானதும் பிடி தளர்ந்துவிடும். கடும் வெயிலில் கிண்ணத்தின் பொருள் இளகுவதும் நாளடைவில் இறுகி வெடிப்பதும் உண்டு. எனவே, பொருத்தும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே கிண்ணத்தை அழுத்த வேண்டும். நீண்ட பயணத்திற்கு முன் ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வகை, குளிர்காற்றுத் துவாரத்தின் தகட்டில் மாட்டப்படுவது. இது சிறியது, பார்வையை மறைக்காது, கோடையில் குளிர்காற்று பட்டுத் திறன்பேசி சூடேறாமல் இருக்கும். ஆனால், துவாரத்தின் தகடுகள் மெல்லியவை. கனத்த திறன்பேசியின் எடையால் அவை சாயலாம், ஒடியவும் கூடும். வட்டவடிவத் துவாரங்களில் இவ்வகை சரியாகப் பொருந்துவதில்லை. வட இந்தியாவின் குளிர்காலத்தில் அதே துவாரத்திலிருந்து சூடான காற்று வரும் என்பதையும் மறத்தல் கூடாது. அப்போது அந்த ஒரு துவாரத்தை மட்டும் மூடி வைக்கலாம். கொக்கியைத் திருகி இறுக்கும் அமைப்புடைய தாங்கி, வெறுமனே செருகும் தாங்கியைவிட உறுதியானது.

மூன்றாம் வகை, பசையால் ஒட்டப்படுவது. ஓட்டுநருக்கு முன்னுள்ள முகப்புப் பலகையில், அதாவது 'டேஷ்போர்டில்', இதனை ஒட்டுவர். ஒட்டியபின் எளிதில் இடம் மாற்ற இயலாது. ஆகவே, இடத்தை நன்கு தேர்ந்த பின்னரே ஒட்ட வேண்டும். பசை பிடிப்பதற்கு ஒரு நாள் விட்டுத் திறன்பேசியை வைப்பது நல்லது.

இனி, திறன்பேசியைப் பிடிக்கும் முறையைக் காண்போம். இருபுறமும் அழுத்தும் கவ்விகள், அடியில் தாங்கும் பாதம் ஆகிய இரண்டும் உடையது மேடுபள்ளமான சாலைக்கு ஏற்றது. காந்தத்தால் பிடிக்கும் தாங்கியில் திறன்பேசியை ஒரு கையால் வைத்து எடுக்கலாம்; ஆயினும், காந்தம் வலுவற்றதாக இருந்தால் குலுங்கும்போது நழுவும். வலுவான காந்தம் திறன்பேசியிலுள்ள திசைகாட்டியைக் குழப்புவதும் உண்டு.

எங்கே பொருத்துவது?

நல்ல தாங்கியும் தவறான இடத்தில் இருந்தால் தீமையே தரும். இடம் தேரும்போது நான்கு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒன்று, பார்வை. திறன்பேசி மிகத் தாழ்வாக இருந்தால் ஓட்டுநரின் கண்கள் சாலையை விட்டு நெடுந்தொலைவு கீழிறங்கும். மிக உயரமாக இருந்தால் அதுவே சாலையை மறைக்கும். 16 சென்டிமீட்டர் நீளமுள்ள திறன்பேசியை ஓட்டுநரின் கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தொலைவில், கண்ணுக்கு நேரே, கிடைமட்டமாகப் பொருத்தியதாகக் கொள்வோம். 14 மீட்டருக்கு அப்பால் சாலையில் ஏறத்தாழ 2 மீட்டர் அகலம் அவருடைய இரு கண்களுக்கும் மறைந்துவிடும். சாலையைக் கடக்கும் ஒரு சிறுவனும் அவனுடைய மிதிவண்டியும் அவ்விடத்தில் முழுமையாக மறையக்கூடும். ஆகவே, முகப்புக் கண்ணாடியின் கீழ் விளிம்பை ஒட்டி, சாலையை மறைக்காத உயரத்தில் திறன்பேசி இருத்தல் வேண்டும்.

இரண்டு, எட்டும் தொலைவு. இந்தியாவில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். அவருக்கு இடப்புறத்தில், ஸ்டீயரிங்குக்கும் முகப்புப் பலகையின் நடுப்பகுதிக்கும் இடையே உள்ள இடம் பெரும்பாலும் பொருத்தமாக அமையும். முதுகை இருக்கையிலிருந்து எடுக்காமலே கை அதனை எட்ட வேண்டும்.

மூன்று, காற்றுப்பை. மோதல் நேர்ந்தால் ஓட்டுநரின் காற்றுப்பை ஸ்டீயரிங்கிலிருந்தும், அருகிலிருப்பவரின் காற்றுப்பை அவருக்கு எதிரேயுள்ள பலகையிலிருந்தும் கண் இமைப்பதற்குள் விரியும். சில வண்டிகளில் பக்கத் தூண்களிலும் காற்றுப்பை உண்டு. அவ்விடங்களில் 'ஏர்பேக்' என்னும் ஆங்கிலச் சொல் பொறிக்கப்பட்டிருக்கும். அங்கே தாங்கியைப் பொருத்தினால், உயிர்காக்க விரியும் பையே தாங்கியை முகத்தின்மீது எறிந்துவிடும்.

நான்கு, இடையூறின்மை. தாங்கியோ மின்னேற்றக் கம்பியோ ஸ்டீயரிங், கியர் ஆகியவற்றின் இயக்கத்தைத் தடுக்கக் கூடாது. எச்சரிக்கை விளக்குப் பொத்தானையும் மறைக்கக் கூடாது.

வெயிலும் திறன்பேசியும்

நாக்பூரில் மே மாதத்தில் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. கதவு மூடி வெயிலில் நிற்கும் வண்டியின் உட்புறம் அதனினும் சூடாகும். திறன்பேசிகளுள் சில 35 பாகை வரையுள்ள சூழலில் பயன்படுத்துவதற்கென உருவாக்கப்பட்டவை. வெப்பம் மிகும்போது திரை மங்கும், மின்னேற்றம் நிற்கும், சில வேளைகளில் கருவியே ஓய்ந்துவிடும். அறியாத ஊரின் நடுவில் வழி தெரியாமல் திகைக்கும் நிலை அப்போது ஏற்படும். எனவே, வண்டியை நிறுத்திச் செல்லும்போது திறன்பேசியைத் தாங்கியில் விட்டுச் செல்லுதல் ஆகாது.

நீங்கள் செய்யக்கூடியவை

வண்டி ஓட்டும் வயது உங்களுக்கு வரவில்லை. ஆயினும், பயணத்தைப் பாதுகாப்பாக்கும் பணியில் உங்களுக்குப் பங்கு உண்டு.

புறப்படுவதற்கு முன், நிறுத்தி வைத்த வண்டியில் அப்பா அல்லது அம்மாவை ஓட்டுநர் இருக்கையில் அமரச் சொல்லுங்கள். தாங்கியில் திறன்பேசியை வையுங்கள். பின்னர், பாதுகாப்பான திறந்த வெளியில், வண்டியின் இயந்திரம் அணைந்திருக்கும்போது மட்டும், முன்னே சற்றுத் தொலைவில் நின்று இடமும் வலமும் மெல்ல நடந்து செல்லுங்கள். "நான் தெரிகிறேனா?" என்று கேளுங்கள். ஓரிடத்திலேனும் "தெரியவில்லை" என்று விடை வருமானால், தாங்கியைத் தாழ்த்தவோ நகர்த்தவோ வேண்டும்.

போகும் ஊரின் பெயரை வண்டி புறப்படுவதற்கு முன்பே பதிந்துவிடச் சொல்லுங்கள். வரைபடச் செயலியின் குரலைத் தமிழிலும் அமைத்துக்கொள்ளலாம். குரல் தெளிவாகக் கேட்டால் ஓட்டுநர் திரையை அடிக்கடி நோக்க வேண்டியதில்லை. 'லெஃப்ட்', 'ரைட்' என்றே பழகிய நமக்கு 'இடப்புறம்', 'வலப்புறம்' என்னும் சொற்களும் அப்போது பழகிவிடும்.

வழியை மாற்ற வேண்டுமாயின் வண்டியை ஓரமாக நிறுத்திய பின்னரே மாற்ற வேண்டும். திறன்பேசி விழுந்தாலும் அவ்வாறே. பயணத்தின்போது அழைப்பு வந்தால் அருகிலிருக்கும் பெரியவர் பேசட்டும். அப்பா வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் நீங்களும் அவரை அழைக்காதீர்கள். நீங்கள் சொல்ல விரும்பிய செய்தி, அவர் வீடு வந்து சேரும்வரை காத்திருக்கும்.

சொற்பொருள்

திறன்பேசி – ஸ்மார்ட்போன்
மகிழுந்து – கார்
சரக்குந்து – லாரி
துவாரம் – துளை
பாகை – வெப்பத்தையும் கோணத்தையும் அளக்கும் அலகு
தேர்தல் – ஆராய்ந்து தெரிவு செய்தல்
இடையூறு – தடை

பயிற்சி

அ. குறுவினா
1. உறிஞ்சு கிண்ணம் கண்ணாடியில் எவ்வாறு ஒட்டிக்கொள்கிறது?
2. காற்றுப்பை விரியும் இடத்தில் தாங்கியைப் பொருத்தக் கூடாது. ஏன்?
3. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி இரண்டு வினாடிகளில் எத்தனை மீட்டர் செல்லும்?

ஆ. எதிர்ச்சொல் எழுதுக
இடப்புறம், தாழ்வு, குளிர்காலம், முன்னே

இ. சேர்த்து எழுதுக
பெருமை + தீங்கு, குளிர் + காற்று, சிறு + வினா

ஈ. கலந்துரையாடுக
உங்கள் வீட்டு வண்டியிலோ, பள்ளிக்கு வரும் வண்டியிலோ திறன்பேசி எங்கே வைக்கப்பட்டுள்ளது? பாடத்தில் கூறிய நான்கு செய்திகளோடு ஒப்பிட்டு வகுப்பில் ஐந்து தொடர்களில் பேசுக.