ஒரு பெண்ணுக்கு எத்தனை பெயர்?

பாசிக்குடாவை அண்டிய எமது கிராமங்களில் ஒரு பெண்ணுக்குப் பல பெயர்கள் உண்டு. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரோடு ஒன்று, மணமான பின் கணவன் பெயரோடு ஒன்று, ஊரில் கூப்பிடுவது இன்னொன்று. யுத்த இடப்பெயர்வுகளிலும் 2004 ஆழிப்பேரலையிலும் பத்திரங்களை இழந்த பலர், நினைவில் இருந்ததைச் சொல்லியே மீண்டும் பதிந்தார்கள். இதனால் ஒரே பெண் இரண்டு பட்டியல்களில் இரண்டு பேராக நிற்கிறாள். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, காணாமற்போன கணவருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலான சான்றிதழைக் கேட்டுப் போகும்போதும் இந்த வேறுபாடு குறுக்கே நிற்கும்.

அண்மையில் ஒரு மாதர் சங்கத்தின் பட்டியலைக் கணினியில் ஏற்றினோம். தகப்பன் பெயர் ஒரு நிரலில், சொந்தப் பெயர் அடுத்த நிரலில். முழுப்பெயரை ஒன்றாகக் கேட்டதும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டினோம். ஓரிடத்தில் ஒரு வரி பிசகியது. வாசித்துக் காட்டியபோது ஒரு அக்கா, “தங்கச்சி, இது என்ட அப்பாட பேரில்லையே” என்றார். அவர் சொல்லியிராவிட்டால் அப்படியே போயிருக்கும்.

எக்செல்லில் இதற்கு ஒரு வழி உண்டு. வெற்றுப் பெட்டியில் சமன் குறியிட்டு, கொன்கட்டினேட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அடைப்புக்குறிக்குள் தகப்பன் பெயருள்ள பெட்டி, காற்புள்ளி, இரட்டை மேற்கோள்களுக்குள் ஒரு இடைவெளி, காற்புள்ளி, சொந்தப் பெயருள்ள பெட்டி. இடைவெளியை மறந்தால் இரு பெயர்களும் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெட்டியின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லோருடைய பெயரும் சேரும். பெட்டிகளுக்கு நடுவே & குறியிட்டாலும் இதே வேலை நடக்கும். தகப்பன் பெயரில் எழுத்துப்பிழை திருத்தினால் முழுப்பெயரும் தானாகத் திருந்தும். ஆகவே தனி நிரல்களை அழிக்க வேண்டாம்.

அடையாள அட்டை எண்ணும் இப்படிச் சேர்த்ததுதான். பழைய எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். 72532 என்று தொடங்கினால், 1972 பெப்ரவரி 1இல் பிறந்த பெண். 2016இல் வந்த 12 இலக்க எண்ணில் ஆண்டு முழுதாக இருக்கும். படிவத்தில் நீங்களாக எண்ணை மாற்றாமல் கையிலுள்ள அட்டைப்படியே எழுதுங்கள்.

கணினி கொடுத்ததைத்தான் சேர்க்கும். எது சரியான பெயர் என்று அதற்குத் தெரியாது. பட்டியலை அனுப்புமுன் உரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் எப்படி இருக்கிறது என்று நீங்களும் கேளுங்கள், சகோதரிகளே. அது உங்கள் உரிமை.