புராஸ்டேட் அறுவையும் பின்விளைவுகளும்

ஐம்பது வயதைக் கடந்த ஆடவர் பலருக்குச் சிறுநீர் கழிப்பதில் இடர்ப்பாடு தோன்றுகிறது. இரவில் பன்முறை எழ நேர்கிறது, தாரை மெலிகிறது, கழித்த பின்னும் எஞ்சியிருப்பது போன்ற உணர்வு எழுகிறது. சிறுநீர்ப்பையின் அடியில் சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்துள்ள புராஸ்டேட் சுரப்பி பருத்துக் குழாயை நெருக்குவதே இதற்குப் பெருங்காரணமாகும். மருந்தால் தீராதபோது அறுவை தேவையாகிறது. 'புராஸ்டேட் ஆபரேஷன்' என நாம் ஒரே பெயரால் சுட்டினாலும் அது ஒன்றன்று, பல வகைப்படும். ஒவ்வொரு வகையும் உடலில் விட்டுச் செல்லும் விளைவும் வெவ்வேறாகும்.

சுரப்பியை ஒரு சாத்துக்குடிப் பழமாகக் கொள்வோம். புற்றல்லாத வீக்கத்திற்குச் செய்யும் அறுவை, தோலை விட்டுவிட்டுச் சுளைகளை மட்டும் நீக்குவதாகும். புற்றுநோய்க்குச் செய்யும் அறுவையோ பழத்தைத் தோலோடு முழுவதுமாக எடுத்துவிடுவதாகும்.

முதல் வகையில், வயிற்றைத் திறந்து சிறுநீர்ப்பை வழியே சுளையைத் தோண்டியெடுக்கும் முறையை, இந்திய மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பீட்டர் ஃபிரேயர் 1901இல் இலண்டனில் பரப்பினார். பின்னர், சிறுநீர்க் குழாய் வழியே கருவியைச் செலுத்தி மின்வளையத்தால் சீவியெடுக்கும் முறையும், லேசர் ஒளியால் பெயர்த்தெடுக்கும் முறையும் வந்தன. இவற்றிற்குப் பின், பெரும்பாலோர்க்கு விந்து வெளிவராது சிறுநீர்ப்பைக்குள் பின்னோக்கிச் செல்லும். இதனால் உடலுக்குத் தீங்கில்லை. எனினும் மகப்பேற்றை விரும்புவோர் முன்னரே அறிதல் வேண்டும். சிலருக்குக் குழாயிலோ சிறுநீர்ப்பையின் கழுத்திலோ தழும்பு சுருங்கி, மாதங்கள் கழித்து அடைப்பு மீளும். சீவியெடுத்ததில் எஞ்சிய திசு ஆண்டுகள் சென்றபின் மீண்டும் வளர்வதும் உண்டு. நிலையான சிறுநீர்க் கசிவு அரிதே. தோல் எஞ்சியிருப்பதால் பிற்காலத்தில் அங்கே புற்று தோன்றக்கூடும். ஆகவே 'சுரப்பியை எடுத்தாயிற்று' எனச் சோதனையைக் கைவிடலாகாது.

இரண்டாம் வகையில் சுரப்பியோடு விந்துப் பைகளும் நீக்கப்படுவதால் விந்து வெளிப்படுதல் முற்றிலும் நின்றுவிடும். சிறுநீரை அடக்கும் தசையும் விறைப்புக்குரிய நரம்புகளும் சுரப்பியை ஒட்டியே அமைந்துள்ளமையால் அவை பாதிக்கப்படுவதுண்டு. 1982இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் அந்நரம்புகளைக் காக்கும் முறையைக் கையாண்டார். எனினும் இடர் முற்றும் நீங்கவில்லை. பிரிட்டனில் சுரப்பிக்குள் அடங்கிய புற்றுடைய 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, தொடர் கண்காணிப்பு என மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தனர். அறுவைப் பிரிவினருள் 6 மாதத்தில் 46 விழுக்காட்டினரும், 6 ஆண்டில் 17 விழுக்காட்டினரும் கசிவுக்காகப் பஞ்சுப்பட்டை அணிந்தனர் என 2016இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 15 ஆண்டுகட்குப் பின் இப்புற்றால் இறந்தோர் மூன்று பிரிவிலும் 3 விழுக்காட்டளவே என 2023இல் வெளியாயிற்று. பரவிய புற்றுக்கு இக்கணக்கைப் பொருத்தலாகாது. ஆயினும் சுரப்பிக்குள் அடங்கிய புற்றுக்கு உடனே அறுவைதான் வழி என அஞ்சி விரைய வேண்டியதில்லை என்பது இதனால் புலனாகும்.

ஆகவே ஒப்புதல் தாளில் கையொப்பமிடுமுன் மூன்று வினாக்களை மருத்துவரிடம் எழுப்புவோமாக. எவ்வகை அறுவை? எனக்கு வரக்கூடிய நிலையான விளைவு யாது? அறுவையின்றிப் பிற வழி உண்டா? அறுவைக்குப் பின் தாரை மீண்டும் மெலிந்தால் முதுமை என்று ஒதுக்காது மருத்துவரை அணுகுதல் வேண்டும். கசிவுக்கு இடுப்புத் தளத் தசைப் பயிற்சியும், அது போதாதபோது செயற்கைச் சுருக்குத் தசைக் கருவியும் உள்ளன. விறைப்புக் குறைவுக்கும் மருந்துகள் உள்ளன.

நம் இல்லங்களில் முதியோர் இத்துன்பத்தை மனைவி மக்களிடமும் மறைத்து, வெளியே செல்வதையே குறைத்துக்கொள்கின்றனர். இளைஞராகிய நம் மாணவர்கள் அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் சொல்வதை உடனிருந்து கேட்டறிவார்களாயின் அது பெருந்தொண்டாகும்.