கடைமடையில் ஓர் அடி நீர்

குடகு மலையில் பிறக்கும் காவிரி, சோழவள நாட்டில் பல கிளைகளாகப் பிரிகின்றது. அவற்றுள் ஒன்றாகிய அரசலாறு, நம் காரைக்கால் நகரை அணைந்தோடிக் கடலிற் கலக்கின்றது. வழியிலுள்ள வயல்களையெல்லாம் நனைத்த பின்னரே காவிரி நீர் கடைமடையாகிய நம்மை வந்தடையும். நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பில் புதுவை ஆட்சிப் பகுதிக்கு 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது. எனினும், ஏட்டில் உள்ள நீர் வேறு. நிலத்தில் தங்கும் நீர் வேறு.

வாய்க்காலையும் குளத்தையும் தூய்மை செய்வது ஊரின் அழகுக்காக மட்டுமன்று. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி மிக்கது. ஆதலின், கடற்கரை மணலுக்கடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் நிலத்தடி நீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்ட உண்மை. மேலே ஓர் அடி தாழ்ந்தால், கீழே உவர்நீர் 40 அடி மேலேறி வரக்கூடும். கிணற்று நீர் கரிப்பதன் காரணம் இதுவே.

குளம் தூர்ந்தால் மழைநீர் மண்ணில் இறங்காது. வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பைகளும் அடைத்துக்கொண்டால், ஐப்பசி, கார்த்திகை மழை தெருவில் தேங்கும். உயர வேண்டிய இடத்தில் நீர்மட்டம் தாழ்கின்றது. தாழ வேண்டிய இடத்தில் உயர்கின்றது!

இந்நிலை மாறக்கூடியதே. 2019ஆம் ஆண்டு 'நம் நீர்' என்னும் திட்டத்தின்கீழ், அரசுத் துறையினரும் நிறுவனங்களும் ஊர்மக்களும் கைகோத்து, மூன்றே திங்களில் காரைக்கால் மாவட்டத்தில் 178 குளங்களைத் தூர்வாரினர்.

ஆயினும் தோண்டுவது மட்டுமே தூய்மையாகாது. முகத்துவாரத்தை ஒட்டிய வாய்க்காலை அளவு மீறி ஆழப்படுத்தினால், கோடையில் ஆற்றுநீர் குறையும்போது ஓதநீர் உட்புகுந்து அருகிலுள்ள கிணறுகளையும் கெடுக்கும். கடலருகே குப்பையை அகற்றுதலும், உள்நிலத்தில் குளத்தை ஆழப்படுத்துதலுமே முறையாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருநாள் துப்புரவுப் பணியோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. தத்தம் தெருக் கிணற்றின் நீர்மட்டத்தைத் திங்கள்தோறும் கயிறிட்டு அளந்து ஓர் ஏட்டில் குறித்து வருவோம். நாம் செய்த பணி பயன்தந்ததா என்பதை அவ்வேடே சொல்லும். கடைமடையில் வாழும் நமக்கு, ஓர் அடி நீர் சிறிதன்று.