அகழ்பொறியின் முதன்மை உறுப்புகளும் பெயரீடும்

மண் அகழும் பெரும்பொறியைத் தமிழக நாளிதழ்கள் ‘பொக்லைன்’ என்றும் ‘ஜேசிபி’ என்றும் பெரும்பாலும் வேறுபாடின்றி எழுதுகின்றன. முன்னது 1951ஆம் ஆண்டில் ஹைட்ராலிக் அகழ்பொறியை உருவாக்கிய பிரான்சு நாட்டு நிறுவனத்தின் பெயர். பின்னது இங்கிலாந்து நிறுவனத்தின் பெயர். நிறுவனப் பெயர் பொருட்பெயராவது மொழி வழக்கில் இயல்பே. எனினும் இங்கு இருவேறு பொறிகள் ஒன்றாகக் கருதப்படுகின்றன. மக்கள் ஜேசிபி எனச் சுட்டுவது, முன்புறம் அள்ளுவாளியும் பின்புறம் தோண்டுகையும் பெற்று நான்கு சக்கரங்களில் ஓடுவது. அதன் கை மட்டுமே பக்கவாட்டில் திரும்பும், உடல் திரும்பாது. அகழ்பொறியிலோ மேலுடல் முழுவதும் 360 பாகை சுழலும்.

அகழ்பொறியைக் கீழுடல், மேலுடல், அகழ்கை என மூன்றாகப் பகுக்கலாம். கீழுடலில் இரு தடச்சங்கிலிகளும் அவற்றை இயக்கும் மோட்டார்களும் உள்ளன. மேலுடலில் டீசல் எஞ்சின், எண்ணெய் பம்பு, ஓட்டுநர் அறை, எதிர்எடை ஆகியன அமைகின்றன. இவ்விரு உடல்களையும் பற்சக்கரம் பொருந்திய சுழல்வளையம் இணைக்கிறது.

பம்பு மேலே இருக்க, தட மோட்டார்கள் கீழே உள்ளன. இடையில் சாதாரணக் குழாய்களைப் பொருத்தினால், உடல் சுழலும்போது அவை முறுக்கி அறுந்துவிடும். எனவே நடுவில் ஒன்றனுள் ஒன்று சுழலும் இரு உருளைகள் கொண்ட இணைப்பு வைக்கப்படுகிறது. அதிலுள்ள வளையப் பள்ளங்களின் வழியே, எத்திசையில் திரும்பினாலும் எண்ணெய் தடையின்றிப் பாய்கிறது. வெளியே தெரியாத இவ்வுறுப்பு இன்றேல் முழுச்சுழற்சியோடு தடங்களை இயக்குதல் அரிது. (ஹைட்ராலிக் என்பதை ‘நீரியல்’ எனப் பெயர்ப்பது இவ்விடத்தில் பொருந்தவில்லை, உள்ளே ஓடுவது நீரன்று.)

பூம், ஆர்ம், வாளி ஆகியவை அகழ்கையின் உறுப்புகள். பொதுவாகப் பூமை இரு உருளைகளும், ஏனைய இரண்டையும் ஒவ்வோர் உருளையும் அசைக்கின்றன.

வாளியின் சுமையால் பொறி முன்புறம் சாயாதவாறு காப்பது எதிர்எடை. வழக்கமான வடிவில் இது, உடல் பக்கவாட்டில் திரும்புகையில் தடங்களுக்கு வெளியே நீண்டு வீசும். ஜேசிபியின் இயக்கத்தை மட்டும் அறிந்தவர் வாளியைக் கண்டு விலகுவர். பொறியின் பின்புறத்தைப் பாதுகாப்பான இடமெனக் கருதி, சுவருக்கும் எதிர்எடைக்கும் இடையே நிற்கக்கூடும். ‘எதிர்எடை’ என்னும் சொல் அதன் பணியைக் கூறுகிறதேயன்றி அசைவை உணர்த்தவில்லை. ஆதலின், அது வீசிச் செல்லும் பரப்பைப் ‘பின்வீச்செல்லை’ எனப் பெயரிட்டு, பணியிட எச்சரிக்கைப் பலகைகளில் அச்சொல்லையே எழுதலாம்.