வரிசை நகர்ந்தால் மனசு ஏன் லேசாகிறது? ஜொகூரில் இருந்து சின்னச் சின்ன வெற்றிகளின் கதை

விடியற்காலை 5 மணி. ஜொகூர் பாரு குடிநுழைவு வளாகத்துக்குள் போகிறீர்கள். இன்றைக்கு வரிசை நகர்கிறது. பஸ் உடனே வருகிறது. உட்காரவும் இடம் கிடைக்கிறது. "அப்பாடா!" என்று வாயில் தானாக வருகிறது.

சம்பளம் கூடவில்லை. பதவி உயரவில்லை. ஆனாலும் அந்த நாள் நல்லா ஆரம்பித்த மாதிரி ஓர் உணர்வு. வேலையிடத்தில் யாராவது சிடுசிடுத்தால்கூட, "சரி, போகட்டும்" என்று விட்டுவிடத் தோன்றும்.

இது வெறும் பிரமையா? இல்லை, இதற்குப் பின்னால் ஏதாவது காரணம் இருக்கிறதா? ஜொகூர்-சிங்கப்பூர் கடற்பாலத்தை நாள்தோறும் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் கடக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இது தத்துவக் கேள்வி இல்லை. தூக்கம், குடும்பம், உடம்பு எல்லாம் இதில் அடங்கியிருக்கிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சின்ன விஷயம் உண்மையிலேயே நாளை மாற்றுமா?

மாற்றும். அமெரிக்க ஆய்வாளர்கள் தெரேசா அமாபிலும் ஸ்டீவன் கிராமரும் 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 ஊழியர்களைத் தினமும் ஒரு சிறு குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னார்கள். சேர்ந்தவை ஏறக்குறைய 12,000 குறிப்புகள். முடிவுகள் 2011இல் புத்தகமாக வந்தன.

ஊழியர்கள் மிக மகிழ்ச்சியாக இருந்த நாள்களில் என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தபோது, அவற்றில் 76 விழுக்காட்டு நாள்களில் ஏதாவது ஒரு முன்னேற்றம் இருந்தது. பின்னடைவு இருந்த நாள்கள் 13 விழுக்காடு மட்டுமே.

அந்த முன்னேற்றம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிக்கிக்கொண்டிருந்த ஒரு வேலை முடிந்தது, ஒரு குழப்பம் தெளிந்தது, அந்த அளவுதான். "நின்ற இடத்திலேயே நிற்கவில்லை, ஓர் அடி நகர்ந்திருக்கிறேன்" என்ற உணர்வே போதுமாக இருந்தது.

வரிசை நகரும்போது உங்களுக்கு வருவதும் கிட்டத்தட்ட இதே உணர்வுதான்.

கிடைப்பது பெரிதா, தொல்லை போவது பெரிதா?

சின்ன வெற்றிகளில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, நல்லது ஒன்று கிடைப்பது. மாமாக் கடை அண்ணன் நீங்கள் கேட்பதற்கு முன்பே "தே ஓ கோசோங் தானே?" என்று சொல்லி வைத்துவிடுவது மாதிரி.

இன்னொன்று, தொல்லை ஒன்று இல்லாமல் போவது. வழக்கமாக ஒரு மணி நேரம் நிற்கும் இடத்தில் 15 நிமிடத்தில் வெளியே வந்துவிடுவது மாதிரி.

இரண்டாவதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் அதன் பலம் கூடுதலாக இருக்கலாம். உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸும் அவருடைய குழுவினரும் 1981இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நடுத்தர வயதுள்ள 100 பேரிடம் அன்றாடத் தொல்லைகளையும் அன்றாட மகிழ்ச்சிகளையும் மாதக்கணக்கில் கேட்டுப் பதிவு செய்தார்கள்.

மன உளைச்சலின் அறிகுறிகளை எது அதிகம் முன்கூட்டிக் காட்டியது தெரியுமா? வேலை போவது, மணமுறிவு போன்ற பெரிய நிகழ்வுகளைவிட, தினமும் வந்து போகும் சின்னத் தொல்லைகள்தான்.

சாமான் தொலைவது, நேரம் போதாமல் போவது, செலவு கையைக் கடிப்பது... ஒவ்வொன்றும் தூசி மாதிரிதான். தினமும் சேர்ந்தால்தான் பாரம் தெரியும்.

பயணம் மட்டும் ஏன் இவ்வளவு எரிச்சல்?

நோபெல் பரிசு பெற்ற டேனியல் கானமனும் மற்ற சிலரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் 909 பெண்கள் முந்தைய நாளை நேரவாரியாக நினைவுகூர்ந்தார்கள். சமையல், வீட்டு வேலை, அரட்டை, டிவி எல்லாம் பட்டியலில் இருந்தன. மகிழ்ச்சியில் கடைசிப் பக்கம் இருந்தது வேலைக்குப் போகும் காலைப் பயணம்.

அங்கே எல்லைச் சோதனையே கிடையாது. அப்படியிருந்தும் அந்த நிலைமை! இங்கே ஒரு நாளில் இரண்டு முறை நாட்டு எல்லையைக் கடக்க வேண்டியிருக்கிறது.

காத்திருப்பதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. டேவிட் மைஸ்டர் என்ற ஆய்வாளர் 1985இல் வரிசையில் நிற்கும் மனநிலை பற்றி எழுதினார். அவர் சொன்னவற்றில் மூன்று நமக்கு நன்றாகப் பொருந்தும்:

- எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும்.
- கை சும்மா இருக்கும் நேரம், ஏதாவது செய்துகொண்டிருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும்.
- நியாயமில்லாத காத்திருப்பு, நியாயமான காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும்.

பக்கத்து வரிசை மட்டும் நகரும்போது வயிறு எரிவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இந்தப் பாலத்தில் நடந்த 'சின்ன' மாற்றங்கள் என்னென்ன?

கடற்பாலம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் நீளம். அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது 1924 ஜூன் 28. நூறு வயதைத் தாண்டிய பாலம். இவ்வளவு குறுகிய தூரத்துக்குத்தான் இத்தனை பாடு.

2024 மார்ச் 19 முதல் சிங்கப்பூர் பக்கம் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் காரில் செல்வோர் கடப்பிதழுக்குப் பதிலாக கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஒரே காரில் 10 பேர் வரை இருந்தாலும் ஒரே குறியீடு போதும்.

அதனால் மிச்சமாவது எவ்வளவு? 4 பேர் உள்ள காருக்குச் சுமார் 20 வினாடி. 10 பேர் இருந்தால் சுமார் 1 நிமிடம்.

"வெறும் 20 வினாடியா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் உங்களுக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு காருக்கும் 20 வினாடி குறைகிறது. 60 கார்கள் நின்றால் 20 நிமிடம்! பெரும்பாலோர் இதைப் பயன்படுத்தினால் மொத்தக் காத்திருப்பு நேரம் 30 விழுக்காட்டுக்கு மேல் குறையலாம் என்று சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையம் அப்போது மதிப்பிட்டது.

ரயில் பக்கமும் அப்படித்தான். ஜேபி சென்ட்ரலுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே 2015 ஜூலை முதல் ஓடும் 'ஷட்டில் தெப்ராவ்' ரயிலில் பயணம் 5 நிமிடம்தான். டிக்கெட் கிடைத்துவிட்டால், "கிடைச்சிருச்சு!" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதவர்கள் குறைவு.

அடுத்து ஆர்டிஎஸ் ரயில். புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் சுமார் 4 கிலோமீட்டர் பாதை. 2026 இறுதி வாக்கில் சேவை தொடங்க வேண்டும் என்ற இலக்குடன் கட்டப்படும் திட்டம். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் வகையில் வடிவமைக்கப்பட்டது. புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனைகளும் முடிந்துவிடும். வேகத்தைவிட அந்த நிச்சயம்தான் பலருக்குப் பெரிய நிம்மதியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்த கதை

பாலத்தை விடுங்கள். ஜொகூரில் ஒரு நாள்காட்டி மாற்றமே வீட்டுக்குள் மகிழ்ச்சியைக் கொண்டுவந்தது.

2014 ஜனவரி 1 முதல் ஜொகூரில் அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வார விடுமுறை வெள்ளி, சனி என்று ஆனது. ஆனால் தனியார் நிறுவனங்கள் பலவற்றுக்குச் சனி, ஞாயிறுதான் விடுமுறை. சிங்கப்பூரில் வேலை பார்ப்போருக்கும் அதேதான்.

அப்பாவுக்கு ஞாயிறு லீவு, பிள்ளைக்கு ஞாயிறு பள்ளி. பிள்ளைக்கு வெள்ளி லீவு, அம்மாவுக்கு வேலை. முழுசாக எல்லாருக்கும் சேர்ந்து கிடைத்தது சனிக்கிழமை மட்டும். அன்றைக்கும் வேலை இருந்தால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம் என்றால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, மண்டபத்துக்குக் கூட்டிப்போவதா என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து.

2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு மீண்டும் வார விடுமுறையானது. யாருக்கும் ஒரு மணி நேரம்கூடக் கூடுதல் ஓய்வு தரப்படவில்லை. அதே இரண்டு நாள்தான். ஆனால் பல வீடுகளில் அந்த இரண்டு நாளும் ஒரே நாளாகப் பொருந்தின. ஞாயிறு காலை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பசியாறுவது 11 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி சாதாரண விஷயமானது.

'சாதாரணம்' எப்போது வெற்றியாகத் தெரியும்?

அது இல்லாமல் போகும்போதுதான். 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. தினமும் போய்வந்தவர்கள் ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் தங்கியவர்கள் எதிரே தெரியும் கரைக்குப் போக முடியவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஒரு ஏற்பாடு வந்தது. ஆனால் குறைந்தது 3 மாதம் தொடர்ந்து வேலை செய்தால்தான் வீட்டுக்கு வர விடுப்பு. 2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்காகப் பஸ் சேவை தொடங்கியது. 2022 ஏப்ரல் 1 அன்று நிலவழி எல்லை முழுமையாகத் திறந்தது. நள்ளிரவிலேயே மக்கள் பாலத்தைக் கடந்து போனார்கள்.

ஒரு காலத்தில் எல்லாரும் திட்டித் தீர்த்த அதே பாலம்!

இதற்காக நெரிசலையும் ரசிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பழகிப்போன நல்லதை மனசு கணக்கில் எடுக்காது என்பதுதான் விஷயம். அதைக் கவனிக்க நாம் கொஞ்சம் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

ஆய்வுகளில் பலன் தெரிந்த மூன்று எளிய வழிகள்:

1. மூன்று நல்லதை எழுதுங்கள். மார்ட்டின் செலிக்மனும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு வாரம், தினமும் இரவில், அன்று நன்றாக நடந்த 3 விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதினார்கள். அவர்களின் மகிழ்ச்சி கூடியது. அதன் பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. விடாமல் எழுதியவர்களுக்குப் பலன் கூடுதல். போனில் எழுதினாலும் சரி. 'ஏன்' என்ற பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

2. முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசுங்கள். கனடாவில் ஒரு காப்பிக் கடையில் 2014இல் வெளியான ஆய்வு. கடை ஊழியரிடம் சிரித்து ஓரிரு வார்த்தை பேசியவர்கள், காரியத்தை மட்டும் சட்டென்று முடித்துக்கொண்டு போனவர்களைவிட நல்ல மனநிலையில் இருந்தார்கள். "என்ன அண்ணே, இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தியா?" என்று கேட்க 5 வினாடிகூட ஆகாது.

3. நல்லதைச் சொல்லுங்கள், சொன்னால் காது கொடுங்கள். நல்ல செய்தியை நெருக்கமானவரிடம் பகிர்ந்தால் மகிழ்ச்சி பெருகுகிறது என்று ஷெல்லி கேபிளின் 2004 ஆய்வு காட்டியது. கேட்பவர் ஆர்வமாகக் கேட்பது முக்கியம். "இன்னைக்கு 20 நிமிஷத்துல பாலத்தைக் கடந்துட்டேன்" என்று தம்பி சொன்னால், "ம்ம்" என்று போனைப் பார்க்காமல், "எந்த நேரத்துல கிளம்பின?" என்று கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்தால் போதுமா?

போதாது. இதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

அதிகாலை 4 மணிக்கு எழுந்து, இரவு 9 மணிக்கு வீடு திரும்பும் ஒருவரிடம், "சின்னச் சின்ன விஷயங்களில் சந்தோஷப்படு" என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. அவருக்குத் தேவை தூக்கம். சீரான பஸ். எப்போது வீடு போய்ச் சேருவோம் என்ற நிச்சயம். லாசரஸின் ஆய்வு நமக்குச் சொல்வதும் அதைத்தான்: தினசரித் தொல்லையை மனசு மட்டும் சமாளித்துக்கொண்டே இருக்க முடியாது.

ஜொகூரின் அனுபவத்தைப் பாருங்கள். 20 வினாடி குறைந்தது, விடுமுறை நாள் மாறியது, இரண்டுமே தனிமனிதர்களின் மன உறுதியால் நடக்கவில்லை. ஒரு நடைமுறையை யாரோ மாற்றினார்கள். அதன் பலன் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. பயணிகள் குறைகளைச் சொல்வது, கருத்துக்கேட்பில் பங்கெடுப்பது, முதலாளியிடம் வேலை நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்பது, இவையெல்லாம் புலம்பல் இல்லை. அடுத்த சின்ன வெற்றிக்கு வழி அதுதான்.

இன்னொன்று. எந்த நல்ல விஷயமும் மனசைத் தொடவே இல்லை, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டது என்றால் அது சோம்பலும் இல்லை, நன்றி கெட்ட குணமும் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறியாக இருக்கலாம். பக்கத்துக் கிளினிக்கில் இருந்தே தொடங்கலாம்.

மற்ற நாள்களில், வரிசை நகரும்போது வரும் அந்த "அப்பாடா"வை அடக்க வேண்டாம். இன்று இரவு எழுதப்போகும் மூன்றில் அது ஒன்றாக இருக்கட்டும். மீதி இரண்டையும் நாளைக்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.