மழலையின் இரண்டாம் மடி

பிறந்த ஊரில் தாய் வேலைக்குச் சென்றால் குழந்தையை ஏந்திக்கொள்ளப் பாட்டியின் மடி இருக்கும். அத்தையும் சித்தியும் அண்டை வீட்டாரும் இருப்பர். பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் வந்துவிட்ட நமக்கு அந்த மடி எங்கே? பணிக்குச் செல்லும் நம் சகோதரிகள் பலர், அழுகின்ற மகவைக் காப்பகத்தின் வாயிலில் ஒப்படைத்துவிட்டுக் கலங்கிய கண்களுடன் ரயில் ஏறுகின்றனர். 'நாம் செய்வது தகுமா?' என்னும் வினா அவர்கள் நெஞ்சை அறுக்கிறது. விடை காண வேண்டுமாயின், காப்பகத்தில் பகல் முழுதும் நடைபெறுவது யாது என்பதை அறிதல் வேண்டும்.

இப்பணி நம் நாட்டிற்குப் புதியதன்று. 'பால்வாடி' என்பது பால் கொடுக்கும் இடம் என்று எண்ணுவோர் உளர். உண்மையில் அது பாலகரைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லின் வழி வந்தது. மராட்டியக் கல்வியாளர் தாராபாய் மோடக் அம்மையார் 1945-ஆம் ஆண்டு போர்டி என்னும் ஊரில் கிராமக் குழந்தைகளுக்கான கல்விப்பணியைத் தொடங்கினார். குழந்தைகள் பள்ளிக்கு வர இயலாதபோது, பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்திற்குச் சென்றது. 'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்னும் பெயரின் பொருள் அதுவே. 1969-இல் தில்லியில், காந்தியடிகள் நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டட வேலை நடந்த இடத்தில், தொழிலாளர் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்டு மனம் பொறாத மீரா மகாதேவன் அம்மையார் ஒரு கூடாரத்தில் காப்பகம் அமைத்தார். அதுவே 'மொபைல் கிரெச்சஸ்' நிறுவனமாக வளர்ந்தது.

ஊட்டுவதும் துடைப்பதும் உறங்கவைப்பதுமே பணியாளரின் வேலை என்று எண்ணற்க. 'இது பருப்பு, இது வாழைப்பழம்' என்று பேசிக்கொண்டே ஊட்டும்போது குழந்தை மொழியைக் கற்கிறது. தானே உண்ண முயன்று சோற்றைச் சிந்தும்போது அவர் கடியாமல் பொறுத்திருந்தால், விரல்கள் திறம் பெறுகின்றன. எடை குறைந்தாலும், அழைத்தும் திரும்பாவிடினும், முதலில் கண்டு பெற்றோரை எச்சரிப்பவரும் அவரே.

ஏறத்தாழ எட்டாம் மாதம் முதல் குழந்தை தாயைப் பிரிய அஞ்சும். அது குறையன்று, பற்றின் அடையாளம். தேர்ந்த பணியாளர் முதல் சில நாட்கள் தாயையும் உடன் அமரச் செய்து, பிரிவு நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார். நாள்தோறும் ஒருவரே ஏந்திக்கொள்வதும், தாயின் பழம்புடைவைத் துண்டு ஒன்றை அருகில் வைப்பதும் ஆறுதல் தரும். குழந்தை அறியாமல் நழுவிச் செல்லுதல் மட்டும் ஆகாது. விடைபெற்றே செல்லுங்கள், அழுதாலும் அது உங்கள் சொல்லை நம்பக் கற்கும்.

நமக்கே உரிய கவலை ஒன்றுண்டு. குழந்தை 'தண்ணி' என்றால் மராத்தியோ இந்தியோ பேசும் ஆயாவுக்கு விளங்காது. தண்ணீர், பசி, வலி, தூக்கம் முதலிய பத்துச் சொற்களை அவர் படிக்கும் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். இரு மொழி கேட்பதால் குழந்தையின் பேச்சு கெடாது. வீட்டில் தமிழைத் தாராளமாகப் பேசினால் போதும்.

50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்ய வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைக் காணலாம் என்றும் 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் வகுத்தது. உரிமையைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

மாலையில் குழந்தையை வாரியெடுக்கும்போது, 'இன்று என்ன உண்டான், எதற்குச் சிரித்தான்?' என்று அந்த அம்மையாரை வினவுங்கள். அவர் கூலிக்கு வந்தவர் அல்லர். ஊரில் விட்டுவந்த பாட்டியின் மடியை இங்கே விரித்திருப்பவர்.